குழந்தைக்கு ஒரு தடிநூல் போஞ்சோ: முதன்முதலாக ஊசி பிடிப்பவர்களுக்கு

பின்னல் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக ஸ்வெட்டரில் கை வைத்துவிடுகிறார்கள். கை, தோள், கழுத்து என்று ஒவ்வொரு இடத்திலும் கண்ணிகளை, அதாவது ஊசியில் ஏறும் வளையங்களை, கூட்டவும் குறைக்கவும் வேண்டியிருக்கும். பாதியில் கணக்குத் தப்பி, ஊசியோடு சேர்ந்து அது பைக்குள் போய்விடும். எனக்குத் தெரிந்து புதியவருக்கு ஏற்ற முதல் உடுப்பு, சின்னக் குழந்தைக்கான போஞ்சோதான். இரண்டு செவ்வகத் துண்டுகள், இரண்டு தையல். கூட்டல் குறைத்தல் எதுவும் கிடையாது. பின்னலில் ஒரே ஒரு அசைவு தெரிந்தால் போதும்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு உடுப்பு இது. அங்கே நெய்த கம்பளித் துணியின் நடுவில் தலை நுழைய ஒரு பிளவு விட்டு, சட்டைக்கை எதுவும் வைக்காமல் தோளில் போட்டுக்கொள்வார்கள். ஓடியாடும் குழந்தைக்குப் பொருந்துவதும் அதனால்தான்: கை சிக்காது, பொத்தான் போட வேண்டாம், அடம் பிடிப்பதற்குள் மாட்டிவிடலாம்.

நான் பின்னல் கற்றது குன்னூரில் பள்ளிப் பருவத்தில். டொராண்டோவில் இருக்கும் என் பேத்திக்கு முதல் போஞ்சோ பின்னியபோது தோளை அளந்தேன், கையை அளந்தேன், தலையை அளக்கவில்லை. கழுத்துத் திறப்பு பார்வைக்குப் போதுமென்று தோன்றியது. போட்டுப் பார்த்தால் காதுக்கு மேல் இறங்கவில்லை, குழந்தை அழுதுவிட்டாள். தையலைப் பிரித்து மறுபடி செய்தேன். அதிலிருந்து எந்தக் குழந்தைக்குப் பின்னினாலும் அளவுநாடா முதலில் தலைக்குத்தான் போகும். இந்த உடுப்பின் கணக்கு முழுவதும் தலையிலிருந்துதான் தொடங்குகிறது.

அளவும் கணக்கும்

புருவத்துக்கு மேலே, பின்னந்தலையின் புடைத்த பகுதியைச் சுற்றி அளவெடுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய 50 செ.மீ. வரும். அடுத்து, தோளில் தொடங்கி முழங்கையைச் சற்றுத் தாண்டும் வரை போஞ்சோ எவ்வளவு தொங்க வேண்டும் என்று பாருங்கள். மூன்று நான்கு வயதுக்கு 25 செ.மீ. சரியாக இருக்கும். அதுதான் துண்டின் அகலம்.

துண்டின் நீளத்துக்கு, அகலத்தோடு தலைச் சுற்றளவில் பாதியைக் கூட்டுங்கள். நம் கணக்கில் 25-ம் 25-ம் சேர்ந்து 50 செ.மீ. ஏன் இப்படி என்றால், ஒவ்வொரு துண்டின் நீள ஓரத்திலும் அகலத்துக்குச் சமமான பகுதி தையலுக்குள் போய்விடும். மீதி 25 செ.மீ. திறந்தே இருக்கும். இரண்டு துண்டின் மீதியும் சேர்ந்தால் 50 செ.மீ. கழுத்து. ஐந்தாறு வயதுக் குழந்தை என்றால் அகலம் 30, தலை 52, ஆக நீளம் 56. உங்கள் குழந்தையின் அளவைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் கழுத்தை ஒரு விரல்கடை பெரிதாகவே விடுங்கள். பெரிதாகிப்போன கழுத்தை நான்கு தையல் போட்டு மூடிவிடலாம். சிறிதானால் பிரிக்க வேண்டியதுதான்.

நூல்

வட அமெரிக்கக் கடைகளில் நூல் உருண்டையின் லேபிளில் நூலின் தடிமனைக் காட்டும் எண் ஒன்று இருக்கும். நமக்கு வேண்டியது 5, அதாவது பல்க்கி. 6 என்று போட்டிருப்பது சூப்பர் பல்க்கி. 10 செ.மீ. அகலத்துக்கு 5-ம் எண் நூலில் 12 முதல் 15 கண்ணிகளும், 6-ம் எண்ணில் 7 முதல் 11 கண்ணிகளும் வரும். தடிமன் கூடக் கூட வேலை சீக்கிரம் முடியும். ஆனால் எடையும் விறைப்பும் ஏறும். மூன்று வயதுத் தோளுக்கு 5-ம் எண்ணே போதும் என்பது என் கருத்து. கை தடிமனில் வரும் ராட்சத நூல்களைக் குழந்தைக்கு வாங்கவே வேண்டாம்.

25-க்கு 50 அளவுள்ள இரண்டு துண்டுக்கு 200 முதல் 250 கிராம் செலவாகும். நான் 300 கிராம் வாங்கச் சொல்வேன். காரணம் லேபிளில் இருக்கும் இன்னொரு எண், சாயத் தொகுதி எண். ஒரே நிறப் பெயர் இருந்தாலும் வேறு தொகுதியில் சாயமேற்றிய நூலில் சாயல் லேசாக மாறும், பின்னி முடித்த பிறகுதான் அது பளிச்சென்று கண்ணில் படும். எல்லா உருண்டையும் ஒரே தொகுதியா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

குழந்தையின் உடுப்பு அடிக்கடி துவைக்கப்படும். ஆகவே அக்ரிலிக், அல்லது அக்ரிலிக்கும் கம்பளியும் கலந்தது வசதி. சுத்தக் கம்பளி வேண்டுமென்றால் லேபிளில் சூப்பர்வாஷ் என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுடுநீரில் ஒருமுறை மெஷினில் சுற்றினாலே சுருங்கிக் கெட்டித்துணி ஆகிவிடும். வாங்கும் முன் நூலை உங்கள் கழுத்தில் உரசிப் பாருங்கள். உங்களுக்கே குறுகுறுத்தால் குழந்தை போடாது. முதல் வேலைக்கு வெளிர் நிறமே நல்லது. கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி தெரியாது. முடிமுடியாகச் சிலிர்த்து நிற்கும் நூலிலும் தெரியாது, அதைப் பிரிப்பதும் பெரும்பாடு.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தடிமன் கைக்குக் கிடைப்பது கடினம். லூதியானாவிலிருந்து வரும் சாதாரண அக்ரிலிக் நூல் மெல்லியது. டபுள் நிட் தடிமனில் இருக்கும் நூலை இரண்டு இழையாகச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள், பல்க்கிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஊசி 6.5 மி.மீ. போதும். 10 செ.மீ.க்கு 14 கண்ணி விழுந்தால், 25 செ.மீ. அகலத்துக்கு 35 கண்ணி.

ஊசி எண்ணில் ஒரு பொறி

பல்க்கி நூலுக்கு 8 மி.மீ. ஊசி வேண்டும். இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் ஊசிக்குப் பழைய பிரிட்டிஷ் எண்ணைச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும். எட்டாம் நம்பர் என்று கேட்டால் 4 மி.மீ. ஊசியை எடுத்துக் கொடுப்பார்கள். அமெரிக்கக் கணக்கில் எட்டாம் நம்பர் 5 மி.மீ. நமக்கு வேண்டிய 8 மி.மீ. என்பது பழைய பிரிட்டிஷ் கணக்கில் 0, அமெரிக்கக் கணக்கில் 11. எங்கே வாங்கினாலும் மில்லிமீட்டரில் கேளுங்கள்.

மூங்கில் அல்லது மர ஊசி வாங்குங்கள். உலோக ஊசியில் கண்ணி வழுக்கி விழும், பழகாத கைக்கு அது தொல்லை. நடுவில் கேபிள் வைத்த வட்ட ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது. துணியின் எடை மடியில் இறங்கிவிடும், மணிக்கட்டு வலிக்காது. இவை தவிர அளவுநாடா, கத்தரி, நாலைந்து ஊக்கு, காது பெரிதாக முனை மொண்ணையாக இருக்கும் தைக்கும் ஊசி ஒன்று.

கண்ணி என்று நான் சொல்வதை வகுப்புகளில் ஸ்டிட்ச் என்பார்கள்.

கண்ணி ஏற்றுவது

காஸ்ட் ஆன் செய்யப் பல முறைகள் உண்டு. பின்னும் அசைவையே பயன்படுத்தும் முறையைச் சொல்கிறேன், ஒன்றைக் கற்றால் இரண்டும் வந்துவிடும். நூலின் நுனியில் 20 செ.மீ. விட்டு ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். அந்த ஊசி இடக்கையில் இருக்கட்டும். வலது ஊசியின் முனையை முடிச்சின் வளையத்துக்குள் முன்பக்கமிருந்து பின்பக்கமாக, இடது ஊசிக்கு அடியில் போகும்படி நுழையுங்கள். உருண்டையிலிருந்து வரும் நூலை அந்த முனையில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். சுற்றிய நூலை வளையத்தின் வழியாக முன்னால் இழுத்தால் புது வளையம் கிடைக்கும். அதை இடது ஊசியில் மாட்டிவிடுங்கள். இப்போது இரண்டு கண்ணி. புதிய கண்ணிக்குள் நுழைந்து மூன்றாவது, இப்படியே தொடரலாம். இறுக்க வேண்டாம். ஊசி கண்ணிக்குள் தாராளமாக நகர வேண்டும்.

பின்னும்போதும் இதே நுழை, சுற்று, இழு. புது வளையம் வலது ஊசியிலேயே இருக்கட்டும், பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். அவ்வளவுதான் மாற்றம். நுழை, சுற்று, இழு, விடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பத்து வரிசை பின்னினால் கை பழகிவிடும். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றிப் பிடித்து மறுபடி அதே அசைவு. எல்லா வரிசையையும் இப்படிப் பின்னினால் வருவது கார்ட்டர் ஸ்டிட்ச். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வயல் வரப்புப் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். ஓரம் சுருளாது, நன்றாக இழுபடும். கழுத்துக்கு இந்த இழுபடும் குணம் தேவை.

அளவுத் துண்டு

நேராகப் போஞ்சோவில் இறங்க எல்லாருக்கும் ஆசை வரும். தயவுசெய்து ஒரு மணி நேரம் பொறுங்கள். 16 கண்ணி ஏற்றி 24 வரிசை பின்னி, மேசையில் இழுக்காமல் வைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். என் கையில் 12 வருகிறது, அதனால் 25 செ.மீ.க்கு 30 கண்ணி. சற்றுத் தளர்வாகப் பின்னும் உங்கள் கையில் 11 வரலாம். அப்போதும் 30 ஏற்றினால் துண்டு 27 செ.மீ.க்கு மேல் போய்விடும். 28 கண்ணி ஏற்றுவதே சரி. தடி நூலில் ஒவ்வொரு கண்ணியும் ஏறக்குறைய ஒரு செ.மீ. இடம் பிடிக்கிறது, அதனால்தான் இந்தக் கண்டிப்பு. கற்றுக்கொண்ட துண்டும் இதுவே ஆகிவிடும், பிரித்து நூலை மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதல் துண்டு

30 கண்ணி ஏற்றி, அளவு வரும்வரை பின்னிக்கொண்டே போக வேண்டியதுதான். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு எழும். பத்து வரப்புக்கு ஒரு ஊக்குக் குத்தி வைத்தால் எண்ணுவது சுலபம். என் கையில் 50 செ.மீ.க்கு 56 வரப்பு வருகிறது. புதியவருக்கு ஒரு வரிசைக்கு மூன்று நிமிடம் ஆனாலும் ஒரு துண்டு ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒரு வாரத்து மாலைப்பொழுதுகள் போதும். எங்கள் 25-க்கு 50 கணக்கில் இன்னொரு வசதி உண்டு. துண்டைக் குறுக்காகப் பாதியாக மடித்தால் சதுரமாக வர வேண்டும். நாடா தேடாமலே நீளத்தைச் சரிபார்க்கலாம்.

எல்லாருக்கும் வரும் பிழைகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணி தானாகக் கூடுவதுதான் முதல் பிழை. 30 ஏற்றியிருப்பீர்கள், ஐந்தாவது வரிசையில் 33 இருக்கும். வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோனால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலேறி இரண்டு கண்ணிபோலத் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவோம். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் நூலைக் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோங்கள். முதல் பத்து வரிசைக்கு ஒவ்வொன்றின் முடிவிலும் எண்ணுவது நல்ல பழக்கம்.

அடுத்தது, பாதி வரிசையில் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுக்கும்போது திசை மாறிப்போவது. உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலக்கைக்கு வர வேண்டும். முடிந்தவரை வரிசையை முடித்துவிட்டே எழுந்திருங்கள்.

கண்ணி நழுவி விழுந்தால் பதற வேண்டாம். தடி நூல் உடனே அவிழ்ந்து ஓடாது. அந்த இடத்தில் உடனே ஒரு ஊக்கை மாட்டி நிறுத்துங்கள், பிறகு குரோஷே ஊசியாலோ விரலாலோ மேலே ஏற்றலாம். பல வரிசை கீழே போய்விட்டால் அதுவரை பிரித்துவிடுவதுதான் என் யோசனை. பிரிப்பதும் இந்த வேலையில் ஒரு பாதி, நூல் வீணாவதில்லை.

உருண்டை தீர்ந்தால் புது நூலை வரிசையின் தொடக்கத்தில் இணையுங்கள், இரண்டு நுனியிலும் 15 செ.மீ. விட்டு. முடிச்சுப் போட வேண்டாம். தடி நூலின் முடிச்சு கூழாங்கல் போல உறுத்தும், அது கழுத்தோரத்தில் விழுந்தால் குழந்தையின் தோலில் தடம் பதியும். நுனிகளைப் பிறகு வரப்புகளுக்குள் நுழைத்து மறைத்துவிடலாம்.

முடிக்கும் விதம் இது: இரண்டு கண்ணி பின்னுங்கள். வலது ஊசியில் முதலில் பின்னியதை இரண்டாவதின் மேலாகத் தூக்கிக் கீழே விடுங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னி மறுபடி தூக்கி விடுங்கள். இந்தக் காஸ்ட் ஆஃப் இறுகினால் துண்டின் ஓரம் சுருங்கிவிடும், அதனால் கையைத் தளர்த்துங்கள். கடைசிக் கண்ணியில் நூலை 80 செ.மீ. விட்டு நறுக்கி, நுனியை அதன் வழியே இழுத்துவிடுங்கள். தைப்பதற்கு அந்த நூல்தான்.

இரண்டாவது துண்டையும் அதே கண்ணி, அதே வரப்பு எண்ணிக்கையில் பின்னுங்கள். நாடாவைவிட வரப்பை நம்புங்கள். நாடாவை ஒருநாள் இறுக்கியும் ஒருநாள் தளர்த்தியும் பிடிப்போம்.

சேர்த்துத் தைப்பது

இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, தரையில் அளவுக்கு விரித்துக் காயவிடுங்கள். அக்ரிலிக்கை இஸ்திரி போடக் கூடாது. சூட்டில் துவண்டு உயிரில்லாமல் போகும், திரும்ப வராது.

காய்ந்த பின் தரையில் இப்படி வையுங்கள். முதல் துண்டை நெட்டாக வைக்க வேண்டும், தொடங்கிய ஓரம் உங்கள் பக்கம். இரண்டாவது துண்டை அதன் வலப்பக்கம் படுக்கையாக வைத்து, அதன் முடித்த ஓரத்தை முதல் துண்டின் வலது நீள ஓரத்தின் கீழ்ப்பாதியோடு சேருங்கள். பார்த்தால் 'ட' எழுத்துப் போல இருக்கும். ஊக்கு குத்துங்கள், இதுதான் முதல் தையல். இனி நிற்கும் துண்டின் மேல் ஓரத்தை வளைத்துக் கொண்டுவந்து, படுத்திருக்கும் துண்டின் மேல் நீள ஓரத்தில் வலது கோடிப் பாதியோடு சேருங்கள். அது இரண்டாவது தையல். நிற்பதன் மேல்பாதியும் படுத்ததன் இடப்பாதியும் தைக்கப்படாமல் நிற்கும். அதுதான் கழுத்து. 'ட'வின் உள்மூலை கழுத்தின் நடுவாகவும், வெளிமூலை முன்னால் தொங்கும் முனையாகவும் ஆகிவிடும். 25 செ.மீ. அகலத்துக்கு அந்த முனை கழுத்திலிருந்து 35 செ.மீ. கீழே இறங்கும்.

உங்கள் அளவில் நீளம் அகலத்தைப் போல இரு மடங்காக இல்லை என்றால் பாதி என்ற சொல்லை விட்டுவிட்டு, அகலத்துக்குச் சமமான பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தைக்கும் முன், ஊக்குகளுக்குப் பதிலாக வேறு நிற நூலால் நாலு பெரிய தையல் போட்டுவிட்டுக் குழந்தைக்கு மாட்டிப் பாருங்கள். கையால் இழுத்துத் திணிக்காமல் தலை தானே நுழைய வேண்டும். சரியாக இருந்தால் விட்டிருந்த நூலைப் பெரிய ஊசியில் கோத்து, ஒரு பக்கம் கண்ணியோரத்திலும் மறுபக்கம் வரப்பின் நுனியிலும் மாறி மாறி எடுத்துத் தையுங்கள். ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை துணியை இருபக்கமும் இழுத்துவிடுங்கள். தையல் துணியோடு சேர்ந்து இழுபட வேண்டும்.

கயிறு வேண்டாம்

கழுத்தில் நாடா கோத்து நுனியில் குஞ்சம் கட்டினால் அழகாகத்தான் இருக்கும். கட்டாதீர்கள். சறுக்குமரத்திலும் வாகனக் கதவிலும் உடுப்புக் கயிறு மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே குழந்தைகளின் மேலுடுப்பில் தலைமூடிக்கும் கழுத்துக்கும் இழுகயிறு வைக்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சிறு குழந்தைகளின் உடுப்பில் அந்த இடங்களில் கயிறு இருக்கக் கூடாது என்று ஐரோப்பியத் தர விதியும் சொல்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொத்தானும் நூல்பந்தும்கூட வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். அழகு வேண்டுமென்றால் இரண்டு துண்டையும் இரண்டு நிறத்தில் பின்னுங்கள். விளையாட்டுத் திடலுக்குப் போகும்போதும் தூங்கவைக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

குளிர் நாடுகளில் கார் பயணத்துக்குத்தான் என் பேத்திக்கு இது அதிகம் உதவுகிறது. தடித்த ஜாக்கெட்டின் மேல் கார் இருக்கையின் பட்டையை மாட்டினால், பார்வைக்கு இறுக்கமாக இருந்தாலும் மோதலில் ஜாக்கெட் அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய உடையோடு உட்காரவைத்து, பட்டையை உடம்போடு ஒட்ட மாட்டி, அதற்கு மேல் போஞ்சோவை விடுங்கள். பின்பாகம் குழந்தையின் முதுகுக்குக் கீழே அகப்படாமல் இருக்கையின் முதுகுக்கு மேலாகப் போக வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. பின்னலின் இடைவெளியில் காற்றுப் புகும். அதனால் பனி கொட்டும் நாளில் வெளியே நடக்க இதை மட்டும் நம்பாதீர்கள். கோட்டின் மேல் போடலாம், அல்லது இலையுதிர் காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஊட்டி, கொடைக்கானல் காலைக்குளிருக்கு ஸ்வெட்டரின் மேல் போட்டால் தாராளம்.

துவைத்தால் கொடியில் தொங்கவிடாதீர்கள். நனைந்த தடி நூல் தன் எடையிலேயே நீண்டுவிடும். தரையில் விரித்தே காயவையுங்கள்.

அடுத்த வருடம் குழந்தை வளர்ந்து போஞ்சோ குட்டையானால் தூக்கிப்போட வேண்டாம். கீழ் ஓரத்தைச் சுற்றி புதுக் கண்ணிகளை எடுத்து, ஐந்து வரப்பு வேறு நிறத்தில் பின்னிச் சேர்க்கலாம். நீள ஓரத்தில் வரப்புக்கு ஒரு கண்ணி, தொடங்கிய ஓரத்தில் கண்ணிக்கு ஒரு கண்ணி என்று எடுத்தால் ஓரம் சுருங்காது, முனைகளில் மட்டும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டுவதை அதற்குள் கற்றிருப்பீர்கள். இப்போதைக்கு மீந்த நூலை லேபிளோடு ஒரு பையில் போட்டு, எத்தனை கண்ணி, எத்தனை வரப்பு, எந்த ஊசி என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.